எழுபத்து நாலாயிரம் டாலர் விருது

பரிசு கொடுக்கத் தெரிந்த நாடுகள் உலகத்தில் நிறைய உண்டு. கொடுத்த பரிசை நூற்றுக்கு எட்டு வட்டியோடு திருப்பி வாங்கத் தெரிந்த நாடு அமெரிக்கா ஒன்றுதான். நாகரிகத்தில் இதற்கு மேல் ஒரு படி இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த நாகரிகம் ஒரு திங்கட்கிழமை காலை நெப்ராஸ்காவில், மனிதரைவிட மாடுகள் அதிகம் வசிக்கும் ஒரு வட்டாரத்தில், ஸெலெங்கா வீட்டு பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டது. அந்த வீட்டுப் பெண் கோராவுக்கு இருபத்திரண்டு வயது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இடத்தைத் தொடர்ந்து கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்திருந்தது. "வாழ்த்துகள், கோரா! இந்த ஆண்டு உங்கள் விருது 74,000 டாலர்" என்று கொட்டை எழுத்தில் தொடங்கியது கடிதம். அதை நூலகத்தில் கொடுத்து வண்ணத்தில் அச்செடுத்து வந்தவர் அவள் அம்மா டார்லா.

"அம்மா, அது கடன்மா" என்றாள் கோரா.

"கடன்னா கடன்னு போட மாட்டாங்களா? விருதுன்னு போட்டிருக்கு பாரு. படிச்சவங்க எழுதினது. உனக்கு எப்பவுமே உன்னைப் பத்தி ஒரு மட்டமான நெனப்பு."

"கீழ சின்ன எழுத்துல இருக்கும்மா."

"சின்ன எழுத்தையெல்லாம் எதுக்குடி படிக்கிற? முக்கியமா இருந்தா பெருசா போட்டிருப்பாங்க."

அம்மாவின் வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. உண்மையில் அந்தக் கடிதத்தில் 'கடன்' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அதுவும் அடிக்குறிப்பில், எறும்பு எழுதியதுபோல. கல்லூரிகள் கருணை உள்ளவை. கடன் என்று உரக்கச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், பயந்தால் படிப்பு ஏறாது என்று யோசித்து, 'விருது' என்ற சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. 'விருதை ஏற்கிறேன்' என்று கணினியில் ஒரு பொத்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

கோரா அழுத்தவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து கன்று ஈனும் பருவத்தில் அப்பாவோடு தொழுவத்தில் நின்றவள். தலை திரும்பிய கன்றைத் தோள்வரை கையை விட்டு நேராக்கத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை எந்தப் பக்கம் பிடித்து நேராக்குவது என்று தெரியவில்லை. நாலு வருஷம், நாலு விருது. படிக்கும்போதே வட்டி ஓடும். பட்டம் வாங்கும் நாளில் மூன்று லட்சத்து ஐம்பத்தையாயிரம் டாலர் ஆகியிருக்கும். அதற்கப்புறம் அவள் கையைக் காலை ஆட்டாமல் படுத்திருந்தாலும் நாளுக்கு எழுபத்தெட்டு டாலர் வட்டி. இந்த வட்டாரத்தில் மாட்டு வைத்தியம் பார்த்தால் வரி போக வருஷத்துக்கு அறுபதாயிரம் தேறும்.

புதன்கிழமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பெயர் விட்னி. பதவி, 'நிதி நல்வாழ்வு வழிகாட்டி'.

"வாழ்த்துகள் கோரா! எப்படி உணர்றீங்க?"

"பயமா இருக்குங்க. எப்படித் திருப்பிக் கட்டுறதுன்னு தெரியல."

"அருமை! பயத்தை அடையாளம் கண்டுட்டீங்க. அதுதான் முதல் படி."

"ரெண்டாவது படி என்னங்க?"

"பொத்தானை அழுத்துறது."

"நான் நடுவுல ஃபெயில் ஆயிட்டா?"

"நீங்க ஃபெயில் ஆகலாம், கடன் ஆகாது. அதுக்கு நூத்துக்கு நூறு தேர்ச்சி." விட்னி நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிக்கணும், 'கடன்'னு சொல்லிட்டேன். நாங்க அந்த வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது. இந்த அழைப்பு பதிவாகுது வேற."

"செலவைக் குறைக்க ஏதாவது வழி இருக்குங்களா?"

"நிறைய இருக்கு. தினம் வெளியில வாங்குற காபியை விட்டுடுங்க."

"எங்க ஊர்ல காபிக்கடை இல்லீங்க."

"பாத்தீங்களா! இப்பவே சேமிக்கிறீங்க!"

கடைசியாக ஒரு கட்டாயத் தேர்வு இருப்பதாகவும், அதை முடித்தால்தான் பொத்தான் பச்சை நிறமாகும் என்றும் சொன்னார் விட்னி. கோரா எழுதினாள். முதல் கேள்வி: 'விருதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். சரியா, தவறா?' அம்மாவை நினைத்துக்கொண்டு 'தவறு' என்று போட்டுப் பார்த்தாள். 'நல்ல முயற்சி! மீண்டும் முயலுங்கள்' என்று வந்தது. 'சரி' என்றதும் திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. பத்துக்குப் பத்து. சான்றிதழ்கூட வந்தது. பொத்தான் பச்சையாகி, மூச்சு விடுவதுபோலப் பெருத்துச் சிறுத்தது.

வியாழக்கிழமை மாட்டு ஏலம். கோரா அங்கே வேலை பார்த்தாள். பின்பக்கப் பட்டிகளிலிருந்து மாடுகளைப் பிரித்து ஏல வளையத்துக்குள் அனுப்புவது அவள் பொறுப்பு. மதியம், காளைக் கன்றுகள் முடிந்து கறவை தொடங்கும் இடைவெளியில், ஏலக்காரர் வெண்டலின் குரல் மைக்கில் அவளைக் கூப்பிட்டது.

"கோரா! வளையத்துக்குள்ள வாம்மா. பயப்படாதே, எடை போட மாட்டேன்."

கூடம் சிரித்தது. நூற்று நாற்பது பேர் படிப்படியாக உயர்ந்த பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெண்டலின் கையில், அப்பா பிரிட்ஜ் கதவிலிருந்து பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்து கொடுத்த கடிதம். முதல் வரிசையில் அப்பா ராய்ஸ், சலவை செய்த சட்டையோடு, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கோரா வளையத்தில் பரப்பியிருந்த மரத்தூளில் வந்து நின்றாள்.

"நம்ம ராய்ஸ் பொண்ணு மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறா. அது உங்களுக்குத் தெரியும். கல்லூரிக்காரன் எழுபத்து நாலாயிரம் டாலர் விருது குடுத்திருக்கான், அது தெரியுமா?"

கைதட்டல் தகரக் கூரையில் போய் மோதியது. வெண்டல் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் விற்பனைச் சீட்டுகளைக் கடைசி வரிவரை உரக்கப் படித்துப் பழகிய வாய் அவருடையது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடிக்குறிப்பையும் படித்தார். 'மாணவர் வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டிய' என்ற இடத்தில் குரல் தேய்ந்தது.

"இது என்னய்யா," என்றார் மைக்கை மூட மறந்து. "பல்லைப் பாக்காம மாட்டை வாங்கின மாதிரி ஆயிடுச்சு."

"மொத்தம் எவ்வளவு வரும் கண்ணு?" என்றார் மேல் வரிசையிலிருந்து லைல். இருநூறு மாடு வைத்திருப்பவர்.

கோரா சொன்னாள். யாரோ விசில் அடித்தார்கள். அப்பா கடிதத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அம்மாகிட்ட சொன்னேன்ப்பா" என்று அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"இங்க பாருங்கய்யா," என்றார் வெண்டல். "நம்ம பக்கத்துல இருக்குற டாக்டர் எண்பத்தஞ்சு மைல் தள்ளி இருக்காரு. போன மார்ச்சுல பனியில அவரு வந்து சேர்றதுக்குள்ள எத்தனை கன்னு போச்சு? இவ வந்தா நமக்குத்தானே லாபம்? ஆளுக்குக் கொஞ்சம் போட்டா என்ன?"

"நியாயம்தான்" என்றது கூடம், ஒரே குரலில்.

"அப்போ ஆரம்பிக்கவா? மூணு லட்சத்து ஐம்பத்தஞ்சாயிரம்! யாரு, யாரு, யாரு?"

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் ஓடும்போது புருவத்தைத் தூக்கினாலும் கேட்டதாகக் கணக்கு. மூக்கைச் சொறிந்தவன் மாட்டோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். எனவே நூற்று நாற்பது பேரும் அந்த நொடியில் கல்லாகச் சமைந்தார்கள். ஒருவர் உதட்டருகே கொண்டுபோன ஹாட் டாக் அங்கேயே நின்றது. இன்னொருவர் நெற்றியில் ஈ உட்கார்ந்து, சுதந்திரமாக உலாவி, காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. அவர் கண் இமைக்கவில்லை. ஒரு சமுதாயம் தன் வருங்கால டாக்டருக்கு இவ்வளவு நேரம் அசையாமல் மரியாதை செலுத்தி யாரும் பார்த்திருக்க முடியாது.

"முழுசா வேணாம். ஒரு வருஷத்துப் பங்கு? ஒரு மாசம்?" வெண்டல் இறங்கிக்கொண்டே போனார். "சரிய்யா, ஒரே ஒரு நாள் வட்டி! எழுபத்தெட்டு டாலர்! லைல், நீ போன வாரம் நாய்க்குச் சட்டை வாங்கினியே!"

"வெண்டல், ஒரு சந்தேகம்," என்றார் லைல், உதட்டை அசைக்காமல். "கைதட்டினா ஏலம் கேட்டதா ஆகுமா?"

"ஆகாது."

"அப்போ தட்டுறேன்." தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். மனசாரத் தட்டினார்கள்.

"இவ படிச்சிட்டு வந்து ஒரு வருகைக்கு நானூறு டாலர் கேட்டா குடுப்பீங்களா?"

"நானூறா!" என்று பின்வரிசைக்காரர் ஒருவர் துள்ளியே விட்டார். "அதுக்குக் கன்னு சாகட்டும்யா!" பிறகு கோராவைப் பார்த்து, "உன்னைச் சொல்லலம்மா. உன்னை நெனச்சா எங்களுக்கெல்லாம் ரொம்பப் பெருமை" என்றார்.

வெண்டல் ஏலத்தை முடிக்கத் தட்டும் கட்டையைத் தூக்கினார். யாரும் கேட்காத மாட்டுக்கு 'விலை போகலை' என்று சொல்லி வண்டியில் திருப்பி ஏற்றுவதுதான் முறை. அந்தச் சொல் வாயில் வரும் முன்னால் கோரா அப்பாவைப் பார்த்தாள். அவர் கை முழங்காலிலிருந்து தொப்பியோடு மேலே எழும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக, கனமான எதையோ தூக்குவதுபோல. அவரிடம் நூற்றிருபது பசுக்கள் இருந்தன. ஒன்று மூவாயிரம் டாலர். பெருக்கிப் பார்க்கக் கோராவுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. தொப்பி தோளைத் தாண்டினால் பட்டி காலி. வெண்டல் பார்த்துவிட்டால் பார்த்ததுதான்.

கோரா தன் கையை உயர்த்தினாள்.

"முழுசும்" என்றாள்.

வெண்டலின் கட்டை பழக்கத்தில் விழுந்துவிட்டது. "வித்தாச்சு!" என்றது வாய். அப்பாவின் தொப்பி காற்றில் நின்று, திரும்ப முழங்காலுக்கு இறங்கியது. அவர் அதன் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஏலச்சீட்டு எழுதும் பெண் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாங்கினது யாரு?"

"கோரா ஸெலெங்கா" என்றார் வெண்டல்.

"வித்த உருப்படி?"

"கோரா ஸெலெங்கா."

"பணம் யாருக்குப் போகுது?"

வெண்டல் கடிதத்தைத் திருப்பிப் பார்த்து, தலைப்பில் இருந்த கல்லூரியின் பெயரைப் படித்தார்.

வெள்ளிக்கிழமை நாலு நாற்பதுக்குக் கோரா பச்சைப் பொத்தானை அழுத்தினாள். வண்ணக் காகிதங்கள் பறந்தன. அம்மா கொடிமுந்திரி வைத்த ரொட்டி சுட்டார். லைல் வாழ்த்து அட்டை அனுப்பினார், தபால் தலை ஒட்டாமல். எல்லாருக்கும் மகிழ்ச்சி.

உயர்கல்வியின் மகிமையை இதைவிட விளக்கமாகச் சொல்ல முடியாது. அந்தக் கூடத்தில் முப்பது வருஷமாக லட்சக்கணக்கில் மாடுகள் விற்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தன் விலையைத் தானே வட்டியோடு கட்டியதில்லை. பாவம், படிக்காத ஜென்மங்கள்.