தலையால் அளந்தவர்

பாரிசில் தமிழர் வீட்டு மேல்மாடங்களில் கிடக்கும் கட்டில்களில் பாதி, ஒண்டு எண்பது அண்ணையின் மண்டை காட்டிய இடத்தில்தான் கிடக்கின்றன. அவருடைய சொந்தப் பெயர் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் எவருக்கும் தெரியாது. உயரம் ஒரு மீற்றர் எண்பது, அதுவே பெயராகிவிட்டது. அதைவிடத் தாழ்ந்த கூரைக்குக் கீழுள்ள தரையைப் பிரெஞ்சுச் சட்டம் வீட்டுப் பரப்பில் சேர்க்காது. மேல்மாடத்தில் அறை போட அளந்து கொடுக்க வரும் அண்ணைக்கு அளவுநாடாவில் நம்பிக்கை கிடையாது. நிமிர்ந்தபடியே நடப்பார். தலை இடித்த மரத்தில் சோக்கால் கோடு போடுவார்.

"இஞ்சாலை வீடு. அங்காலை சூட்கேஸ்."

அவர் நெற்றியில் பிளாஸ்டரோடு தேநீர்க்கடைக்கு வந்தால், யாரோ வீடு வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பாரிசுக்கு வெளியே பொபினியில் நான் வாங்கியது ஒரு சின்னத் தரைவீடு. மகள் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தாள். மேலே தனியறை வந்தால் இருப்பேன், இல்லையென்றால் மாணவர் விடுதிக்குப் போவேன் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டாள். மனைவியோ, "சாமிக்கு மேலை ஆள் நடக்கிறதோ? நான் விடன்" என்று நின்றாள். பின்சுவரோரம் இருந்த சாமி அறையை அசைக்கவும் சம்மதிக்கவில்லை.

அண்ணையை அழைத்தேன்.

"கூரையை முழுசா உயர்த்துவம் அண்ணை. வாறவை பாக்கவேணும்."

"வாறவையே மேலை படுக்கப் போகினம்?"

"அப்ப கூரையின்ரை பின்பக்கத்தை மட்டும் பெட்டி மாதிரித் தள்ளிக் கட்டுவமே?"

அண்ணை ஏணியில் ஏறிவிட்டார். 'டங்' என்று ஒரு சத்தம். வீடே அதிர்ந்தது. மேலிருந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இப்ப நான் நிக்கிற இடத்துக்கு நேர் கீழை என்ன?"

"குசினி அடுப்பு, அண்ணை."

"சாமி?"

"இன்னும் பின்னுக்கு."

"அங்கை என்ரை தலை போகாது. கூரையை உயர்த்தினாலோ பெட்டி கட்டினாலோதான் சாமிக்கு மேலை ஆள் நடக்கும். சரிவை அப்பிடியே விட்டிட்டு ரெண்டு யன்னல் வையுங்கோ. பின்மூலையிலை புத்தகத்தட்டு."

"தவண்டு போனா?"

"தவழுற பிள்ளையோடை சாமி கோவிப்பாரே?"

மனைவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் எங்கள் கட்டட அனுமதி. மெரியின், அதுதான் நகரசபையின், கடதாசி பிறகுதான் வந்தது. மகள் விடுதிக்குப் போகவில்லை.

அண்ணை இப்போது துலூசில், மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அங்கே சரிந்த கூரையே இல்லை. போன கிழமை பேசினார்.

"நெத்தி சுகமாயிருக்கு தம்பி. அதுதான் கவலை."

அறைக்கு இரண்டு தரம் பெயின்ற் அடித்துவிட்டோம். அண்ணை போட்ட சோக்குக் கோட்டை மட்டும் மகள் தொடவிடவில்லை. நான் குள்ளன், கோட்டைத் தாண்டிப் போனால்தான் எனக்கு இடிக்கும். அவர் நினைவு வரும் நாட்களில் மேலே ஏறி, தாண்டிப் போய், ஒருதரம் இடித்துக்கொள்கிறேன்.