முழங்காலில் பட்ட வெயில்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பீரோவைக்கூடத் தொடுவதில்லை என்று சுகுமாறன் உறுதி பூண்டார். மைத்துனன் பிரவின் செந்தூல் பிளாட்டைக் காலி செய்து சுங்கை பூலோவுக்கு வீடு மாறுகிறான். மூன்றாம் மாடி. லிஃப்ட் ரிப்பேர். லோரிக்குத்தான் வாடகை கொடுப்பான். சாமான் தூக்க அக்கா புருஷன் இருக்கிறாரே!

விடிந்தும் விடியாததுமாக வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். வெறும் முனகலை மனைவி சீதாலெட்சுமி நம்ப மாட்டாள். அதனால் வலிக்குப் பூசும் ஜெல்லை, ரொட்டிக்குக் காயா ஜாம் தடவுவதைப் போலத் தாராளமாகத் தடவினார்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"காலையே ஊன முடியல லா. நீ போ. நான் படுத்துக்கிறேன்."

கிளாங்கில் தங்கள் வீட்டுத் தெருமுனையில் அவள் கார் திரும்பியதும் முழங்கால் குணமானது. அரைக்கால் சட்டையோடு நண்பர் அய்யாவுவின் காரில் ஏறிக் கடலோரம் தூண்டில் போடப் போனார். நாள் முழுக்க மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரு மீனும் சிக்கவில்லை. அவள் வருவதற்குள் வந்து படுத்துக்கொண்டார்.

மறுநாள், ஜெல் பூசிய இடம் மட்டும் செக்கச்செவேலென்று கொப்பளித்தது. அரிப்பு உயிரை வாங்கியது. சீதா கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

"இந்த ஜெல் போட்டுட்டு வெயில்ல போனா சில பேருக்கு இப்படி ஆகும்," என்றார் டாக்டர். "வெயில்ல போனீங்களா அங்கிள்?"

"ஐயோ இல்ல டாக்டர். பூரா நாளும் கட்டில்லதான்."

"அப்படின்னா சாப்பாடாவும் இருக்கலாம்."

சீதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நண்டு, எறா, ஆட்டுக்கறி எல்லாத்தையும் நிறுத்திடட்டுமா டாக்டர்?"

"காரணம் தெரியிற வரைக்கும் நிறுத்துறது நல்லதுதான்."

"எத்தன மாசமானாலும் பரவால்ல. ரசம் வச்சிக் குடுத்துடறேன்."

சுகுமாறனுக்குக் கண் இருட்டியது. அடுத்த வாரம் தீபாவளி. ஆட்டுக்கறிப் பெரட்டல் இல்லாமல் அது என்ன தீபாவளி?

"வெயில்தான் டாக்டர்! தூண்டில் போடப் போனேன்!"

சீதா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "தெரியும். நேத்தே மூக்கும் கழுத்தும் கருத்துப்போய்க் கெடந்துச்சு. கட்டில்ல படுத்திருந்தவருக்கு எங்கேர்ந்து வெயில் வந்துச்சாம்? உங்க வாயாலயே வரட்டும்னுதான் ஆட்டுக்கறியில கை வச்சேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்து எழுதினார். "ஜெல்ல நிறுத்துங்க. கொஞ்ச வாரத்துக்கு அந்த இடத்துல வெயில் படவே கூடாது."

மானம் போன வேளையிலும் சுகுமாறனின் மனம் துள்ளியது. புல் வெட்ட வேண்டாம், மீன், காய் வாங்கப் பாசாருக்கு அலைய வேண்டாம். டாக்டரே சொல்லிவிட்டார்!

வெளியே வந்ததும் சீதா போனை எடுத்தாள்.

"தம்பி, பெயிண்டர வர வேணாம்னு சொல்லிடு. தீபாவளிக்குள்ள உன் புது வீடு பூரா மச்சானே பெயிண்ட் அடிச்சிடுவாரு. உள்ளதான் வெயிலே வராதே."