ஆனா ஓடும்

"காய்ச்சல், மேடம்!" என்று மகளின் கையிலிருந்த போனைப் பிடுங்கிச் சொல்லிவிட்டார் லிஃப்ட் மெக்கானிக்.

மறுமுனையில் இருந்தவர் கல்லூரி அலுவலக அம்மாள். அவர் கேட்டது சின்னக் கேள்விதான். நுழைவுத் தேர்வில் இந்தப் பெண் முதல் வரிசையில் நிற்கிறாள். வருஷம் முழுக்கச் செய்த பாட வேலைகளுக்குப் பள்ளி போட்ட மதிப்பெண்ணோ 'பரவாயில்லை' ரகம். அதற்கு மேல் சொன்னால் பொய். ஏன் இப்படி?

"எவ்வளவு நாளா சார் காய்ச்சல்?"

"அது... ஒரு நாலு வருஷமா."

"நாலு வருஷமாவா!"

"விட்டு விட்டு, மேடம்."

"அடப்பாவமே! அப்ப நேர்காணலுக்கு வரும்போது டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டு வந்துடுங்க." போன் வைக்கப்பட்டது.

"அப்பா, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்ப்பா. நானே சொல்லிருப்பேன்ல?" என்றாள் பாப்பா. வயது பதினேழு, வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"நீ சும்மா இரு. சூது வாது தெரியாத பொண்ணு நீ. உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துடுவ."

மெக்கானிக் கெட்டவர் இல்லை, பாவம். கைதான் சும்மா இருக்காது. நின்ற லிஃப்டை ஓட வைப்பார். ஓடுகிற லிஃப்டையும் விட மாட்டார். அவர் 'லேசா ஒரு பார்வை' பார்த்த நாளிலிருந்து வீட்டு மின்விசிறி ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. பாப்பாவுக்குக் கணிதம் என்றால் உயிர். அதற்கு அந்தக் கல்லூரிதான் கல்லூரி. இடம் கிடைக்காவிட்டால் தாய்மாமனின் கண்ணாடிக் கடையில் பில் போட வேண்டியதுதான். மாமன் நாற்காலியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டான்.

"ஏங்க, நல்லாத்தானே படிச்சா? ஒண்ணாங் கிளாஸ்லேருந்து நீங்களும் கூடவே உக்காந்தீங்களே! அப்புறம் எப்படி மார்க்கு குறைஞ்சுது?" என்றாள் மனைவி.

"அதாம்மா எனக்கும் புரியல," என்றார் மெக்கானிக், மனசார.

தெருமுனை டாக்டர் கையை விரித்துவிட்டார். "தும்மல்கூட வராத பொண்ணுக்கு நாலு வருஷக் காய்ச்சல்னு எழுதிக் குடுத்தா, அப்புறம் எனக்குத்தான் குளிர் ஜுரம் வரும். போய் வேலையைப் பாருங்க."

மெக்கானிக் மறுபடி போனை எடுத்தார்.

"மேடம், பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன். உடம்பு முடியாதது அவளுக்கு இல்ல, எனக்கு. காலு விளங்கல. நாலு வருஷமா என்னைத் தூக்கி உக்கார வெச்சதே அவதான். படிக்க ஏது மேடம் நேரம்?"

அம்மாளின் குரல் இளகிவிட்டது. "ஐயோ சார்! நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நேர்காணல் அன்னிக்கு வாசல்லயே சக்கர நாற்காலி நிக்கும். நானே ஏற்பாடு பண்றேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. "நல்லா வேணும்," என்றாள் மனைவி.

சொன்னபடியே வாசலில் நாற்காலி நின்றது. தள்ளுவதற்கு மீசைக்கார உதவியாளர் ஒருவர்.

"காலைத் தூக்கி மேல வைங்க சார்."

மெக்கானிக் டக்கென்று தூக்கி வைத்தார். பிறகு ஞாபகம் வந்து, கீழே இறக்கி, இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். பாப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லிஃப்டுக்குள் நாற்காலிக்கும் மீசைக்காரருக்கும்தான் இடம் இருந்தது. "நான் படியில போறேன்ப்பா!" என்று பாப்பா ஓடினாள்.

"நான் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத!" என்று அவர் கத்துவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

லிஃப்ட் 'கர்ர்ர்' என்று முனகிக்கொண்டே ஏறியது. மெக்கானிக்கின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன.

"எத்தனை நாளா இப்படிக் கத்துது?"

"அது எப்பவும் அப்படித்தான் சார். ஆனா ஓடும்."

எதைத் தாங்கினாலும் 'ஆனா ஓடும்' என்ற பேச்சை அவரால் தாங்க முடியாது. எழுந்துவிட்டார்.

"சார்! நிக்கிறீங்க சார்!" என்று மீசைக்காரர் அலறினார்.

"சும்மா இருங்க. ரெண்டு நிமிஷ வேலை." சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, பொத்தான் பலகையைக் கழற்றி, உள்ளே கையை விட்டார். முனகல் நின்றது. லிஃப்டும் நின்றது. விளக்கும் அணைந்தது.

மீசைக்காரருக்கு இருட்டென்றால் ஆகாது. காலியாகக் கிடந்த நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மெக்கானிக் தடவித் தடவி ஒயரைத் தேடினார். வியர்த்துக் கொட்டியது. மேலே பாப்பா தனியாக என்ன உளறிக்கொண்டிருக்கிறாளோ! நுழைவுத் தேர்வன்றும் இப்படித்தான். அப்பாக்கள் உள்ளே வரக்கூடாது என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கும் வெளியே நின்று தவித்தார். கடவுளே, என் கையால் என் பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்து ஒரு வழியாக ஒயர் சிக்கியது. லிஃப்ட் சத்தமே இல்லாமல் ஏறி, கதவு திறந்தது.

எதிரே அலுவலக அம்மாள் நின்றார். நாற்காலியில் மீசைக்காரர். அவரைத் தள்ளிக்கொண்டு, முழங்கை வரை கிரீஸோடு, இரண்டு காலிலும் ஜம்மென்று நிற்கிறார் மெக்கானிக்.

"எந்தக் காலு சார் விளங்கல?"

மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், பொய் சொன்னது நான். அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. என்னை என்ன வேணா திட்டுங்க. பாப்பாவுக்கு மட்டும்..."

"நேர்காணல் முடிஞ்சாச்சு. போர்டுல குடுத்த கணக்கெல்லாம் மளமளன்னு போட்டுட்டா. இடம் குடுத்தாச்சு."

அம்மாளுக்குப் பின்னால் பாப்பா வாயெல்லாம் பல்லாக நின்றாள். அப்பாடா! மெக்கானிக்குக்கு இப்போது நிஜமாகவே கால் விளங்கவில்லை. மீசைக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"அப்ப அந்த மார்க்கு விஷயம், மேடம்? அதுக்கு என்னதான் காரணம் சொன்னா?"

அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "'வீட்டுப்பாடம், ப்ராஜெக்ட் எல்லாம் அப்பா செஞ்சு குடுத்தது; பரீட்சை ஹாலுக்குள்ள மட்டும்தான் அவரை விடல'ன்னு சொன்னா சார்."