என் முன்தோலும் மாமனாரின் சிங்களமும்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவியை ஊரே மலடி என்று சொன்ன இரண்டு வருடமும், ஏன் பிள்ளை இல்லை என்பதன் முழுக் காரணமும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாயைத் திறக்கவில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு என்மேல் யாரும் இரக்கப்பட வேண்டாம்.

விஷயம் இதுதான். எனக்கு முன்தோல் இறுக்கம். பின்னால் நகரவே நகராது. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போல என்று இருபத்தெட்டு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன் (யாரிடம் போய் ஒத்துப் பார்ப்பது?). கல்யாணமான பிறகுதான் புரிந்தது. மனைவியை நெருங்கினாலே வலியில் உயிர் போகும். மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அதன்பிறகு முதுகுப்பிடிப்பு, காய்ச்சல், மாலை போட்ட விரதம் என்று வருடம் முழுக்க எனக்கு ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. என் மனைவி சரண்யா ஏன் என்று கேட்கவில்லை, வெளியேயும் சொல்லவில்லை. தன்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பூனாகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் மொண்டு நீட்டுவார்கள். இந்த ரகசியம் மட்டும் சுவரைத் தாண்டவில்லை. தாண்டியது என் அம்மாவின் குரல்தான். "ரெண்டு வருசமாச்சு, ஒரு புழு பூச்சி இல்ல" என்று கொழுந்து பறிக்கப் போகும் பெண்களிடமெல்லாம் சொல்வாள். வெள்ளிக்கிழமைதோறும் சரண்யாவைப் பட்டினி போட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றேன்.

கடைசியில் ஒருநாள் நானே வைத்தியனானேன். தேங்காய் எண்ணெயைப் பூசிப் பலமாக இழுத்தேன். தோல் பின்னால் போனது, திரும்பி வரவில்லை. வீங்கத் தொடங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் பார்த்துப் பதறி, உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. பொலிஸ், அரசாங்கக் கச்சேரி, ஆஸ்பத்திரி எதற்குப் போனாலும், சிங்களம் பேச யூனியன் தலைவரைக் கூட்டிப்போவது எங்கள் தோட்டத்து வழக்கம். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸை விட்டு இறங்க மட்டுமே போதும். தலைவரோ என் மாமனார். "மூத்திரக் கடுப்பு மாமா" என்றேன். "அதுக்கென்னா மாப்பிள்ள, வாங்க போவோம்" என்று வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டாக்டர் முதலில் வீக்கத்தை அமுக்கிக் குறைத்து, தோலை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தார் (திரைக்கு அந்தப் பக்கம் மாமனார். நான் போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை). பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. தோட்டத்துத் துரையிடம் கத்திப் பழகிய குரலில் மாமனார் தமிழில் சொன்னார்.

"கல்யாணமாகி எத்தன வருசம்னு கேக்குறாரு."

"உங்களுக்குத் தெரியாதா மாமா?"

அதற்கு அவரே பதில் சொன்னார். டாக்டர் அடுத்ததைக் கேட்டார். மாமனார் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார்.

"பொஞ்சாதியோட சேர முடியுதான்னு கேக்குறாரு."

தலையை ஆட்டினேன்.

"வாயால சொல்லுங்க மாப்பிள்ள. தலையாட்டுறத நான் எப்புடி சிங்களத்துல சொல்றது?"

"முடியல மாமா."

"எவ்வளவு நாளா?" இதை டாக்டர் கேட்கவில்லை.

"ஆரம்பத்துலருந்தே."

இது நிறையப் பேருக்கு இருப்பதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. வீக்கம் வடிந்ததும் காலை மாலை களிம்பு பூசி, வலிக்காத அளவுக்கு மெல்ல விலக்கிப் பழக வேண்டும். ஒவ்வொரு தடவையும் தோலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும். சரிவராவிட்டால் சின்ன ஆபரேஷன். டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் மாமனார் சொன்னார். கடைசியில், "முன்னமே வந்திருக்கலாமேங்குறாரு" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் தோட்டமே கூடியிருந்தது. மாமனார் நேராக என் அம்மாவின் முன்னால் போய் நின்றார். "சம்பந்தியம்மா, எம் மகளுக்கு ஒரு கொறையும் இல்ல. கொற ஒங்க மகன்கிட்ட. டாக்டரு சொன்னாரு, நான் கேட்டுக்கிட்டு நின்னேன்" என்றார். தமிழ் விளங்காத பீல்ட் ஒபிசர் என்ன சண்டை என்று விசாரித்தார். அவருக்குச் சிங்களத்திலும் சொன்னார்.

களிம்பு இரண்டு மாதத்தில் வேலை செய்தது. இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்கு யார் விருந்து வந்தாலும் மச்சான்மார் இந்தக் கதையைக் கேட்டு வாங்காமல் விடமாட்டார்கள். சரண்யா இரண்டே வரியில் முடித்துவிடுவாள்.

"இவரால ரெண்டு வருசமா ஒரு பாஷையிலயும் சொல்ல முடியல. எங்கப்பா ஒரே காலையில ரெண்டு பாஷையில சொல்லிட்டாரு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் மட்டும் இதுவரை சிரித்ததில்லை.