ஆட்சேபனை இல்லை

"கோப்பு எங்கய்யா?"

நீதிமன்றத்துக்குள் பையையே கவிழ்த்துப் பார்த்துவிட்டார் அரசு வக்கீல். மூக்குக்கண்ணாடி உறை விழுந்தது, சீப்பு விழுந்தது. கோப்பைக் காணோம்.

"நேத்தே உங்க மேஜையில வச்சேனே சார்," என்றார் குமாஸ்தா. "பிரிச்சுக்கூடப் பார்க்கலையா?"

"நேத்து பூரா நேர்காணலுக்குத் தயார் பண்ணிட்டிருந்தேன்யா!"

பின்னே? பதினொன்றரைக்கு எதிர்க் கட்டடத்தில் மூத்த அரசு வக்கீல் பதவிக்கு நேர்காணல். இது மூன்றாவது தடவை. அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். "இன்னிக்குக் கோட்டை விட்டீங்க, அவ்வளவுதான்" என்று மனைவி வாசல்வரை வந்து மிரட்டி அனுப்பியிருந்தாள்.

அவருக்குத் துளிக்கூடப் பயமில்லை. அந்தப் பதவிக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று கேட்பார்கள். பதில் நுனி நாக்கில் தயார்: கோப்பை வரி விடாமல் படிப்பது, நிதானம், சமயோசிதம்.

"விடுய்யா, வாய்தா வாங்கிடறேன்," என்று எழுந்து கேட்டார்.

"அவசர மனு இது. வாய்தா கிடையாது," என்றார் நீதிபதி. "சாயங்காலம் ஆனாலும் வாதத்தை முடிச்சுட்டுத்தான் போகணும்."

சாயங்காலமா! மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலின் காதோரம் குனிந்தார்.

"உங்களுக்கு என்னதான்யா வேணும்?"

"முறையா அறிவிப்புக் கொடுக்காம ஆரம்பிச்சிருக்காங்க சார். நிறுத்தணும்."

அட, சாக்கடை வழக்கு! யாரைக் கேட்டுத் தெருவைத் தோண்டினாய் என்று வாரத்துக்கு ஒருவனாவது வந்துவிடுவான். சமயோசிதம் கைகொடுத்தது.

"மை லார்ட், அரசுக்கு ஆட்சேபனை இல்லை!"

எதிர்த்தரப்பு வக்கீல் வாயைப் பிளந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இன்னிக்கே நிறுத்தச் சொல்லிக் கேக்கறாங்க."

"இந்த நிமிஷமே நிறுத்தலாம், மை லார்ட்!"

"இப்படி ஒரு பெருந்தன்மையை நான் பார்த்ததில்லை," என்று நீதிபதி கையெழுத்துப் போட்டார்.

பெருந்தன்மை! பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டு, முகம் கழுவி, தலை வாரி, எதிர்க் கட்டடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். மணி பதினொன்று இருபத்தெட்டு. நேர்காணல் அறை வாசலில் பியூன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நேர்காணல் இல்லை சார், வீட்டுக்குப் போங்க. கோர்ட்டுல தடை போட்டுட்டாங்கன்னு இப்பத்தான் போன் வந்துது."

வக்கீலுக்கு ரத்தம் கொதித்தது.

"தடையா? அரசுத் தரப்புல ஒருத்தன்கூட வாயைத் திறக்கலையா?"

"திறந்தாராம் சார். 'இந்த நிமிஷமே நிறுத்தலாம்'னாராம்."