தொண்ணூற்றைந்திலிருந்து தொண்ணூற்றெட்டுக்கு

"வர்ஷன சேஞ்ச் மாடி, ரத்தினசாமி! தொம்பத்தைது இதெ, தொம்பத்தெண்ட்டு மாடி!"

பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜர் நஞ்சுண்டசாமி கன்னடத்தில் கத்தினார். டெலிபோனுக்குள் யாரோ கடுகு தாளிப்பது போல இரைச்சல்.

"தொண்ணூத்தஞ்ச தொண்ணூத்தெட்டு ஆக்கோணும். ஆக்கிடறேனுங்க சார்" என்றார் ரத்தினசாமி, எழுந்து நின்றுகொண்டு.

மீதியை மேனேஜர் ஒரே மூச்சில் சொன்னார். சேலத்துக்குப் போன தீபாவளி ஊதுபத்தி லோடு அப்படியே திரும்பி வந்துவிட்டது. கடைக்காரர் 'பழசு, பழசு' என்று கூச்சல் போடுகிறார். எல்லாம் மைசூர் ஆபீஸ் சிஸ்டம் செய்த வேலை. அதைச் சரிசெய்து, புதுச் சலான் அடித்து, அதே சரக்கை அதே லாரியில் இன்று மதியம் இரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் லாரி இருட்டுவதற்குள் மலை இறங்காது. கையால் எழுதிய சலான் கம்பெனியில் செல்லாது. முடியாவிட்டால் நாளை முதல் ரத்தினசாமிக்கு ஹனூர் குடோன்.

டொக்.

சுவர்க் கடிகாரம் எட்டே முக்கால் காட்டியது.

ரத்தினசாமி ஹனூர் குடோனில் ஆறு வருஷம் மூட்டை எண்ணியவர். ஞாயிறுதோறும் மைசூருக்கு பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் படித்து, ஜூன் மாதம்தான் மைசூர் ஆபீசுக்கு 'சிஸ்டம் இன்சார்ஜ்' ஆக வந்திருந்தார். மகள் மீனாவுக்கு அலைந்து திரிந்து பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. திரும்பவும் ஹனூர் என்றால் மனைவி மகேஸ்வரி என்ன சொல்வாள் என்பதை அவர் யோசிக்கவில்லை. யோசிக்க அவசியமில்லாத அளவுக்குத் தெரியும்.

ஆனாலும் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. மேனேஜர் கம்ப்யூட்டரை 'ஆ டி.வி.', அதாவது 'அந்த டி.வி.' என்றுதான் சொல்வார். அவர் வாயிலிருந்து வர்ஷன் என்ற சொல்லா!

வாசலில் லாரி டிரைவர் முனிராஜ் துண்டை உதறிக்கொண்டு நின்றார். கொள்ளேகால்காரர். லோடோடு போய் லோடோடு திரும்பி வந்தவர்.

"ஏனுங்க சார், ஒரு பேச்சுங்க. சேலத்துல அவிய என்ன சொன்னாங்கன்னா..."

"தெரியும் முனிராஜ். பழசுன்னாங்க. மேனேஜரே சொல்லிட்டாரு. இருங்க, மொதல்ல ஜாதகத்தப் பாத்துடறேன்."

கம்ப்யூட்டருக்கும் ஜாதகம் உண்டு. 'மை கம்ப்யூட்டர்' படத்தின் மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் தொட்டால் போதும். என்ன சிஸ்டம், எத்தனையாவது வர்ஷன், எவ்வளவு நினைவகம் எல்லாம் ஒரே சீட்டில் வரும். வர்ஷன் என்பது புத்தகத்தின் பதிப்பு மாதிரி. அதே புத்தகம்தான், பிழை திருத்தி, நாலு பக்கம் கூட்டிப் புது எண் போடுவார்கள்.

சீட்டு வந்தது. விண்டோஸ் 95. அதற்குக் கீழே 4.00.950.

"பாத்தீங்களா? தொண்ணூத்தஞ்சு! பெங்களூர்ல உக்காந்துட்டே கண்டுபிடிச்சிருக்காரு மனுஷன்."

முனிராஜ் எட்டிப் பார்த்தார். திரை முழுவதும் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஆயுத பூஜையன்று, பேக்கிங் பிரிவு நஞ்சம்மா கம்ப்யூட்டருக்குத் தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். திரையின் வலது கீழ் மூலையில் ஓர் எட்டணா அளவுக்குப் பொட்டு. பிளாப்பி போடும் வாய்க்கு மேலே ஒன்று. பூஜைப் பொட்டைத் துடைக்க ரத்தினசாமிக்கு மனம் வரவில்லை.

அந்தப் பூஜை விடுமுறைக்குப் பிறகு சிஸ்டத்துக்கு ஒரு சின்னப் பழக்கமும் வந்திருந்தது. தினமும் காலையில் ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்து நிற்கும். F1 என்ற பொத்தானை அழுத்தினால் போய்விடும். பெட்டிக்குள் நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அணைத்த பிறகும் மறக்கக் கூடாத சில சங்கதிகளை அதுதான் காத்து வைக்கும். அது தீர்ந்துபோனதன் முறையீடு அந்த இரண்டு வரி. ரத்தினசாமி அதைப் படித்ததில்லை. சிஸ்டம் காலை வணக்கம் சொல்கிறது, நாம் பதில் சொல்கிறோம் என்று F1-ஐ அழுத்திவிடுவார்.

ஒன்பதேகாலுக்கு வைஷாலி ஸ்கூட்டரில் வந்தாள். அக்ரஹாரத்தில் அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த சென்டரின் டீச்சர். கையில் ஒரு மைசூர்பாகு டப்பா.

"என்ன ரத்தினசாமி சார், போன்ல அழுதே விட்டீங்க? உங்க சிஸ்டத்துல சி.டி. டிரைவ் இல்ல அல்லவா? அதான் இந்த டப்பாவுல பிளாப்பி செட் கொண்டுவந்திருக்கேன். முப்பத்தெட்டு. வரிசை மாத்தாதீங்க ப்ளீஸ். ஆமா, யார் இத மாத்தச் சொன்னது?"

"மேனேஜரே சொன்னாருங்க மேடம். வர்ஷன் தொண்ணூத்தஞ்சு இருக்கு, தொண்ணூத்தெட்டாக்குன்னு."

"அப்பா! எங்க சென்டர் ஓனருக்கே இது இன்னும் தெரியாது ரீ. உங்க கம்பெனி தும்ப, ரொம்ப ரொம்ப அட்வான்ஸ்" என்று வியந்துகொண்டே அடுத்த வகுப்புக்குப் பறந்தாள்.

முதல் பிளாப்பி உள்ளே போனது. கர்ர்... டக். திரையில் ஒரு செய்தி: இடம் போதாது. இன்னும் அறுபது எம்.பி. காலி வேண்டும்.

ரத்தினசாமி தேடினார். 'லேபிள்' என்று ஒரு பெரிய கோப்புப் பெட்டி, எழுபது எம்.பி. பழைய படங்கள் போல. அழித்தார். மறுபடி ஓட்டினார். இடம் போதாது.

அழித்தும் ஏன் போதவில்லை? இங்கேதான் கம்ப்யூட்டரின் நல்ல குணம் தெரிகிறது. நாம் அவசரப்பட்டு அழிப்பதை அது உடனே அழிக்காது. குப்பைக்கூடையில் போட்டு வைத்திருக்கும். கூடையும் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வீட்டில் இடம் கூடாது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கூடையைக் கொட்ட வேண்டும்.

ரத்தினசாமி கொட்டினார்.

"சார்" என்று நஞ்சம்மா உள்ளே வந்தாள். "மல்லிகெ லேபிள் தீந்துபோச்சு. சிஸ்டத்துல இருந்து இன்னொரு நூறு அடிச்சுக் குடுங்க. பன்னெண்டு பேர் சும்மா குந்தி இருக்காங்க."

ரத்தினசாமி திரையைப் பார்த்தார். கூடை காலியாக, சுத்தமாக இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு... கையாலயே எழுதி ஒட்டுங்க நஞ்சம்மா."

"நூறு பெட்டிக்கா? நாங்க என்ன பரீட்செயா எழுதப் போறோம்?"

ஆனால் இடம் கிடைத்துவிட்டது. பிளாப்பிகள் ஒவ்வொன்றாகப் போயின. நஞ்சம்மாவின் பெண்கள் எழுதுவதை விட்டு ஜன்னலில் கூடினார்கள்.

"சார், சேலத்துல அவிய அந்தச் சீட்டக் கையில வெச்சிட்டு..." என்று முனிராஜ் ஆரம்பித்தார்.

"பேசாதீங்க முனிராஜ், பதினாறு ஓடுது!"

பதினேழில் நின்றது. படிக்க முடியவில்லை என்றது திரை. ரத்தினசாமி டார்ச் அடித்துப் பிளாப்பி வாய்க்குள் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருந்தது. பொட்டிலிருந்து உதிர்ந்த குங்குமம்! பிளாப்பியைப் படிக்கும் முனை காந்தத்தில் எழுதியதை உரசி உரசிப் படிப்பது. ஒரு தூசி போதும், அதற்குக் கண் தெரியாது. இங்கே ஒரு கோயிலே இருந்தது.

"இதத் தொட்டுத் தொடச்சா வந்துடும் சார்" என்று நஞ்சம்மா பஞ்சில் தோய்த்துக் கொடுத்தாள். ஸ்பிரிட் என்று நினைத்து அவர் துடைத்தார். அது ஊதுபத்திக்கு சென்ட் கலக்கும் எண்ணெய்.

குங்குமம் வந்தது. மறுபடி போட்ட பதினேழாவது பிளாப்பி வரவில்லை. உள்ளே ஒட்டிக்கொண்டது. முனிராஜ் லாரியிலிருந்து கட்டிங் பிளேயர் எடுத்து வந்து இழுத்தார். பிளாப்பி வந்தது, அதன் தகரக் கதவு மட்டும் தனியாக.

மணி பதினொன்றரை. வைஷாலிக்குப் போன் போட்டார்.

"மேடம், பதினேழு மட்டும் இன்னொண்ணு இருக்குங்களா?"

"இருக்கு ரீ. ஆனா நான் கிளாஸ விட்டு வர முடியாது. யாரையாவது அனுப்புங்க."

அனுப்ப முனிராஜைத் தவிர ஆளில்லை. முனிராஜுக்கு லாரியைத் தவிர வண்டி இல்லை. முன்னூறு பெட்டி ஊதுபத்தியோடு அந்தப் பெரிய லாரி அக்ரஹாரத்துச் சந்துக்குள் நுழைந்து, இரண்டு ஆட்டோக்களையும் ஒரு கல்யாண ஊர்வலத்தையும் பின்னோக்கி நகரவைத்து, சட்டைப்பையில் ஒரு பிளாப்பியோடு திரும்பி வந்தபோது பன்னிரண்டே கால்.

"ஐயர் ஒருத்தரு கும்புட்டாருங்க சார். சாமி வண்டின்னு நெனச்சுட்டாரு. அத்தன வாசம். அது கெடக்கட்டும், நான் சொல்ல வந்தது..."

"அப்பறம்! அப்பறம்!"

பதினேழு போனது. பதினெட்டு, இருபது, முப்பது. முப்பத்தொன்று முடிந்த நேரத்தில் மின்விசிறி மெல்ல நின்றது. மின்சாரம் போய்விட்டது.

மேஜைக்கு அடியிலிருந்த யு.பி.எஸ். 'பீப், பீப்' என்று கத்தத் தொடங்கியது. அது பத்து நிமிஷம் தாங்கும். மிச்சம் ஏழு பிளாப்பி, ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம். பத்தரை நிமிஷம். அரை நிமிஷம் இடித்தது.

ரத்தினசாமிக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் அதிக மின்சாரம் குடிப்பது பெட்டியல்ல, திரை. திரையை அணைத்துவிட்டால் பெட்டி இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அணைத்தார்.

இனி எல்லாம் காதுதான். கர்ர் என்றால் படிக்கிறது. டக் என்றால் முடிந்தது. அடுத்ததைப் போட்டு என்டர். ஜன்னலில் பன்னிரண்டு பெண்கள் மூச்சு விடாமல் நின்றார்கள்.

முப்பத்து மூன்று. டக். முப்பத்து நான்கு. டக்.

டெலிபோன் அலறியது.

"ஏனாய்த்து?" என்றார் மேனேஜர். "தொம்பத்தெண்ட்டு பந்தா?"

முப்பத்தைந்து உள்ளே கர்ர் என்றது. ரத்தினசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்துருச்சுங்க சார்."

"குட்! நானு சேலத்துக்கு போன் மாடி, கேரன்ட்டி கொட்டு பிட்டெ. இந்த சல வாபஸ் பந்த்ரெ..." சேலத்துக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டாராம்; மீதியை அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. இந்த முறை திரும்பி வந்தால் ஹனூர்.

போனை வைக்கும்போது, சொன்ன பத்து நிமிஷம் ஆவதற்குள்ளேயே, 'பீப்' சத்தம் நீளமாக ஒரு முறை கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. கர்ர் கூட இல்லை.

"போச்சா சார்?" என்றாள் நஞ்சம்மா.

ஒரு மணிக்கு மின்சாரம் வந்தது. ரத்தினசாமி பொத்தானை அழுத்தினார். இரண்டு வரி ஆங்கிலம். F1. கறுப்புத் திரை வெகு நேரம் நின்றது. இந்த மாதிரி புரோகிராமை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். எதுவரை முடிந்தது என்று சிஸ்டம் தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டே வரும். விழுந்து எழுந்தாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுத் தொடரும். அது குறிப்பைத் தேடியது. கண்டுபிடித்தது. முப்பத்தைந்தாவது பிளாப்பியைக் கேட்டது.

ஜன்னலில் யாரோ கைதட்டினார்கள்.

மூன்று முறை தானாக அணைந்து எரிந்தது. மூன்று முறையும் F1. ஒன்று ஐம்பதுக்குப் புதிய நீலத் திரை வந்தது. ரத்தினசாமி ஜாதகச் சீட்டைத் திறந்தார். விண்டோஸ் 98. அதற்குக் கீழே 4.10.1998.

"வந்துருச்சு! பாருங்க, வருஷமே முழுசா போட்டிருக்கு! தொண்ணூத்தெட்டு!"

சலான் புரோகிராமைத் திறந்தார். பெயர், பெட்டி எண்ணிக்கை மட்டும் அடித்தார்; மற்றதையெல்லாம் சிஸ்டமே போட்டுக்கொள்ளும். பிரின்டர் கிரீச் கிரீச் என்று அடித்துத் தள்ளியது. அவர் அதைக் கிழித்து, முத்திரை குத்தி, பரிசு கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் முனிராஜிடம் நீட்டினார். மணி ஒன்று ஐம்பத்தாறு.

"கெளம்புங்க முனிராஜ். இந்தத் தடவ ஒருத்தன் பழசுன்னு சொல்லட்டும் பாக்கலாம்."

முனிராஜ் கிளம்பவில்லை. சலானின் மேல் மூலையில் விரல் வைத்து நின்றார்.

"இன்னும் அதேதானுங்க சார் இருக்குது. தேதி ஒண்ணு, ஒண்ணு, தொண்ணூத்தஞ்சு. மூணு வருசத்துப் பழைய ஊதுபத்தி வேண்டாம்னுதானுங்க சேலத்துல எறக்க மாட்டேன்னுட்டாங்க. காலைல இருந்து இதத்தானுங்க சொல்ல வந்தேன்."

ரத்தினசாமி சலானைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கடிகாரம் இருக்க வேண்டிய மூலையில் நஞ்சம்மாவின் குங்குமப் பொட்டு இருந்தது. பேட்டரி தீர்ந்ததிலிருந்து சிஸ்டம் அந்த இரண்டு வரியில் தினமும் முறையிட்டது, தேதி மறந்துபோனதைத்தான்.

"அதெப்படி?" என்றார். "மேனேஜர் சொன்னத ஒரு எழுத்து மாத்தாம செஞ்சிருக்கேன் முனிராஜ். 'வர்ஷன சேஞ்ச் மாடி'ன்னு என் காதால கேட்டேன்!"

"ஆமாங்க சார்" என்றார் முனிராஜ். "அவரு கன்னடத்துல சொன்னதத்தானுங்க நானும் தமிழ்ல சொல்றேன்: வருசத்த மாத்துங்க."