அம்பலவாணன் எறிந்த மாம்பழம்

"இந்த வருஷமும் திருவிழாவுக்கு நான் வாசப்படி தாண்ட மாட்டேன்! இது சபதம்!"

காப்பி டம்ளரை ஓங்கி வைத்துச் சபதம் போட்டார் அம்பலவாணன். பாதிக் காப்பி சபதத்தோடு தரையில் ஓடியது.

அவரை நாஸ்திகர் என்று நினைத்துவிடாதீர்கள். நாஸ்திகராக இருக்கவும் கொஞ்சம் அக்கறை வேண்டுமே! காரைக்காலில், ஊர் 'மேரி' என்று சொல்லும் நகரசபை ஆபீசில் அவர் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரன் கப்பலேறின அடுத்த வருஷம் அது. தெருவுக்கு இந்தக் கோடியில் மேடை போட்டுக் 'கடவுள் இல்லை' என்றார்கள். அந்தக் கோடியில் பந்தல் போட்டு 'உண்டு, உண்டு' என்றார்கள். இரண்டு கட்சியும் அம்பலவாணனைக் கூப்பிட்டது. இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

"இருந்தா இருந்துட்டுப் போறாரு. இல்லாட்டி இல்லாமப் போறாரு. எனக்கென்ன?"

அதற்கு மேல் எவனாலும் அவரிடம் வாய் கொடுக்க முடியவில்லை. மனுஷன் கெட்டிக்காரர்தான், வீட்டுக்கு வெளியே.

வீட்டுக்கு உள்ளே நீலாயதாட்சி இருந்தாள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம், பிள்ளை இல்லை. "என்ன, வீட்டுல விசேஷம் ஒண்ணுமில்லையா?" என்று எவனாவது கேட்டால் அம்பலவாணனுக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தும். அவருக்கு ஆசை இருந்தது, நிறையவே இருந்தது. அதை வெளியே காட்டி ஏமாறப் பயந்துதான் சாமி, சாஸ்திரம் எல்லாவற்றுக்கும் ஒரே போடாக 'எனக்கென்ன' போட்டு வைத்திருந்தார்.

காரைக்கால் அம்மையாருக்கு ஆனி மாசத்தில் மாங்கனித் திருவிழா. சாமி வீதியில் வரும்போது மாடிக்கு மாடி நின்று மாம்பழத்தை எறிவார்கள். கீழே ஜனம் முண்டியடித்துப் பிடிக்கும். சுரக்குடியிலிருந்து வந்து சேர்ந்த அம்பலவாணன் அன்றைக்கு வருஷா வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். யார் எறிவது, யார் பிடிப்பது, எதற்கு என்றெல்லாம் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்குத்தான் எல்லாமே 'எனக்கென்ன'வாயிற்றே!

"ஏங்க, பிள்ளை வேணுங்கறவங்க கீழ நின்னு ஒரு பழம் புடிச்சா நல்லதாம். இந்தத் தடவை நீங்க நிக்கணும்" என்றாள் நீலாயதாட்சி, தரையைத் துடைத்துக்கொண்டே.

"நானா? நடுத்தெருவுல, வேட்டியை விரிச்சுக்கிட்டா?"

"ஆமா."

"எனக்குத்தான் சாமியைப் பத்தி ஒண்ணுமே இல்லைன்னு தெரியுமில்ல?"

"அதனாலதான் கேக்குறேன். ஒண்ணுமே இல்லாதவருக்கு நின்னா என்ன, நிக்காட்டி என்ன? அடம் புடிக்கிறதுக்கு நீங்க என்ன நாஸ்திகரா?"

ஊரையே மடக்கிய வாக்கியம் இப்படித் திரும்பி வந்து தம்மையே கடிக்கும் என்று அம்பலவாணன் எதிர்பார்க்கவில்லை.

"முடியாது நீலா. மேரி ஆளுங்க பூரா பாப்பாங்க. இவனுக்குப் பிள்ளை இல்லைன்னு நானே தமுக்கு அடிச்ச மாதிரி ஆயிடும். மானம் போயிடும்."

"வீட்டுக்குள்ள முடங்கிக் கெடந்தா மட்டும் பேச மாட்டாங்களா?"

"முடங்க மாட்டேன். மாடியில நிப்பேன்!"

"வெறுங்கையை வீசிக்கிட்டா? நல்லாத்தான் இருக்கும்."

"வெறுங்கை எதுக்கு? கூடை நெறையப் பழம் வச்சு நான் எறியிறேன். ஊரான் புடிக்கட்டும்! வாசப்படியும் தாண்டல, சபதமும் தப்பல. எப்படி?"

நீலாயதாட்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. "உங்க இஷ்டம். நான் சொல்லி எதைக் கேட்டிருக்கீங்க?"

பாவம், அழுகிறாள் என்று அம்பலவாணனுக்கு மனசு இளகியது. ஆனாலும் ஜெயித்துவிட்டோமே என்ற குஷியில் அன்றைக்கு இரண்டு கை சோறு அதிகம் தின்றார்.

திருவிழா அன்று காலையில், கீழ்வீட்டுக்காரர் மதார் சாகிப் ஒரு பெரிய கூடையைச் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். "நீலாத் தங்கச்சி போன வாரமே சொல்லி வச்சது தம்பி. எல்லாம் பொறுக்கி எடுத்த பழம்."

சபதமே முந்தாநாள்தானே போட்டோம், கூடைக்குப் போன வாரம் எப்படிச் சொல்ல முடியும் என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். நம்மவர் யோசிக்கவில்லை. மேளச்சத்தம் நெருங்கிவிட்டது.

சாமி தெருமுனை திரும்பியதும் அம்பலவாணன் முதல் பழத்தை எறிந்தார். கீழே ஓவென்று ஒரு கூச்சல். அடுத்தது, அதற்கடுத்தது. அடடா, இவ்வளவு சுகமா இது! பெண்கள் அண்ணாந்து பார்த்துக் குலவை போட்டார்கள். தம் கைவீச்சுக்குத்தான் இந்த மரியாதை என்று அவர் மார்பு நிமிர்ந்தது.

கூட்டத்திலிருந்து ஹெட்கிளார்க் சிதம்பரநாதன் கத்தினார். "அடப்பாவி அம்பலவாணா! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேய்யா!"

"இதுல சொல்றதுக்கு என்ன சார் இருக்கு?" என்று இவரும் கத்தினார்.

பக்கத்தில் நின்ற மதார் சாகிப் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "மாஷா அல்லாஹ்! ஆம்பளைப் பிள்ளையோ பொம்பளைப் பிள்ளையோ, சுகமாப் பொறக்கட்டும்."

"யாருக்குப் பிள்ளை, பாய்?"

"என்ன தம்பி வெளையாடுறீங்க? கீழ நின்னு புடிக்கிறவங்க கேக்குறவங்க. மேல நின்னு எறியிறவங்க, கேட்டது கெடைச்சவங்க. இது எனக்கே தெரியுதே!"

அம்பலவாணன் கையிலிருந்த பழம் நழுவி அவர் காலிலேயே விழுந்தது. திரும்பினார். நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நீலாயதாட்சி மாங்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"நீலா... நெசமாவா?"

"மூணு மாசம். ஆஸ்பத்திரியிலயும் சொல்லிட்டாங்க."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா கூடையைத் தொட்டிருப்பீங்களா? பிள்ளை உண்டானா உங்க கையால எறியிறதா போன வருஷமே வேண்டிக்கிட்டேன். எறியுங்கன்னா மாட்டேன்னுவீங்க. புடிங்கன்னேன், எறிஞ்சீங்க."

அம்பலவாணனுக்குக் கண்ணில் கரகரவென்று நீர் வந்துவிட்டது. சந்தோஷம், சொல்லி மாளாத சந்தோஷம். துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. சாமி நேர் கீழே வந்து நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு அந்த விஷயம் தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

"நீலா, நீயே சொல்லு. அப்ப... நெசமாவே அவரு இருக்காருங்கறியா?"

"இருந்தா இருந்துட்டுப் போறாரு, இல்லாட்டி இல்லாமப் போறாரு. கூடையில இன்னும் பழம் கெடக்கு, எறிங்க. எனக்கு வாந்தி வருது!"